கட்டிலுக்கு அடியில் இருந்த ஊர்கள்

கோரிமேட்டுக்குப் போகிற டவுன் பஸ்ஸில் தண்ணீர் கேனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். சமையல் எண்ணெய் வந்த அஞ்சு லிட்டர் கேன். சீயக்காய் போட்டுக் கழுவி, வெயிலில் கவிழ்த்து, எண்ணெய் வாசனை போகவைத்தது. காலை வெயில் ஜன்னல் வழியாக அதற்குள் இறங்கும். பஸ் குலுங்கும்போதெல்லாம் மடியில் ஒரு சின்னக் குளம் அலையடிக்கிற மாதிரி இருக்கும். என் புடவையில் வெளிச்சம் நெளிந்து நெளிந்து ஓடும். பக்கத்தில் இருப்பவர்கள் இது என்ன என்று கேட்க மாட்டார்கள். அந்த பஸ்ஸில் பாதிப் பேர் ஆஸ்பத்திரிக்குத்தான் போவார்கள். அவர்கள் கையிலும் பிளாஸ்க்கோ, தூக்கோ, துணியில் கட்டிய தட்டோ இருக்கும்.

அக்கா அங்கே பெண்கள் வார்டில் இருந்தாள். மாரில் கட்டி. அறுத்து எடுத்து, புண் ஆறி, மருந்து ஏற்றத் தொடங்கியிருந்தார்கள். இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள் ஆன காலம். எங்கள் தெருவில் ஒருத்தர் இரண்டு பேர் கையில் செல்போன் வந்திருந்தது. மற்றவர்கள் அதை வாங்கிக் காதில் வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுப்போம்.

உடம்பு முடியாதவர்களுக்குத் தண்ணீர் மாற்றக் கூடாது என்பது எங்கள் பக்கத்துப் பழக்கம். பிள்ளை பெறப் போனவளுக்கும், ஆபரேஷன் ஆகிப் படுத்தவருக்கும் வீட்டிலிருந்து தண்ணீர் போகும். சோறு ஆஸ்பத்திரிச் சோறாக இருக்கலாம், மாத்திரை எந்த ஊரிலோ செய்ததாக இருக்கலாம், தண்ணீர் மட்டும் உடம்புக்குப் பழகினதாக இருக்க வேண்டும். மருந்து ஏற்றிய பிறகு அக்காவுக்கு எதை வாயில் வைத்தாலும் துருப்பிடித்த ஆணியைச் சப்புகிற மாதிரி இருந்ததாம். "நம்ம பம்பு தண்ணி மட்டுந்தாண்டி தொண்டையில எறங்குது" என்றாள். அதனால் தினமும் நான் அந்தக் கேனோடு போனேன்.

எங்கள் தெரு ஒரு கம்பெனியின் பின்பக்க மதிலில் போய் முட்டி நிற்கும். அக்கா வீடும் என் வீடும் ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். மதிலுக்குப் பக்கத்தில் அடிபம்பு. மதிலுக்கு அந்தப்புறம் என்ன செய்தார்கள் என்று அங்கே வேலைக்குப் போன தெருக்காரர்களுக்குக்கூடச் சரியாகத் தெரியாது. என் வீட்டுக்காரர் வேலை பார்த்தது பக்கத்திலேயே இருந்த மேட்டுப்பாளையத்தில், அட்டைப்பெட்டி செய்கிற வேறொரு இடத்தில். சாயங்காலம் வெயில் தாழும்போது மதிலைத் தாண்டி ஒரு வாசனை வரும். கல்யாணமாகி வந்த புதிதில், யார் வீட்டிலோ வாழைத்தார் பழுக்கவைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். எந்த வீடு என்று எட்டியெட்டிப் பார்த்தேன். பிறகு பழகிவிட்டது. அந்த வாசனை வந்தால் விளக்குப் போடுகிற நேரம் என்று அர்த்தம்.

தண்ணீரைப் பற்றி எங்களுக்குப் பெருமை வேறு. அடுத்த தெருவில் உப்புத் தண்ணீர். எங்கள் பம்பில் முதலில் கொஞ்சம் செம்பட்டையாக வரும். அடிக்க அடிக்கத் தெளிந்துவிடும். நாக்கின் நுனியில் லேசாகத் தித்திக்கும். மற்ற தெருக்காரர்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். பெண் பார்க்க வருகிறவர்களுக்கு முதலில் அந்தத் தண்ணீரைத்தான் கொடுப்போம். "உங்க தெருத் தண்ணியே இப்பிடின்னா பொண்ணு எப்பிடியிருக்கும்" என்று ஒரு மாப்பிள்ளையின் மாமா சொன்னதை வைத்து வெகுநாள் சிரித்தோம்.

அக்காவுக்கு ஒரே பெண். ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தாள். மாமா லாரியில் போகிறவர், வாரத்தில் ஒருநாள் வீட்டில் இருந்தால் அதிசயம். அக்கா ஆஸ்பத்திரிக்குப் போனதிலிருந்து பெண் என்னோடுதான் இருந்தாள். ஆட்டோவில் ஏறும்போது அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "பாப்பாவ பாத்துக்கடி. எனக்கு வந்தது அவளுக்கு வரக் கூடாது" என்றாள். வேறு எதுவும் கேட்கவில்லை.

எனக்கு யாரும் பயப்படக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. ஏழாவதோடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. பயம் மட்டும் நிற்காமல் மேலே மேலே படித்துக்கொண்டிருந்தது. கேஸை மூடினேனா என்று பாதித் தெருவிலிருந்து திரும்பி வருகிறவள் நான். அக்கா சொன்ன நாளிலிருந்து அந்தப் பெண் தும்மினால்கூட நெற்றியில் கை வைப்பேன். அவள் குளித்துவிட்டு வந்தால் கழுத்தைத் தடவிப் பார்ப்பேன். "சித்தி, கூசுது" என்று ஓடுவாள். காலையில் கேனை நிரப்புவது அவள் வேலை. யூனிபார்மோடு போய், பின்னல் குதிக்கக் குதிக்கப் பம்பை அடிப்பாள். கேன் நிறைந்ததும் கையைக் குவித்து ஒரு வாய் குடித்துவிட்டு, மூடியைத் திருகி என்னிடம் கொடுப்பாள். "அம்மாகிட்ட நான் அடிச்ச தண்ணின்னு சொல்லு." நானும் தவறாமல் சொல்வேன்.

வார்டில் அக்காவின் கட்டில் ஜன்னலோரம். முதல் நாளே கவனித்தேன், எல்லாக் கட்டிலுக்கு அடியிலும் ஏதோ ஒன்றில் தண்ணீர் இருந்தது. கேன், குடம், கூல் டிரிங்ஸ் பாட்டில், கழுத்தில் கயிறு கட்டிய கண்ணாடி ஜாடி. ஒவ்வொருவரும் அவரவர் ஊரைக் கொண்டுவந்து கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தார்கள். மத்தியானம் ஜன்னல் வெயில் தரையோடு தவழ்ந்து போகும்போது அவை ஒவ்வொன்றாக வெளிச்சம் பிடிக்கும். மேலே படுத்திருக்கிறவர்களின் முகம் வெளுத்துக் கிடக்கும். கீழே அவர்களுடைய ஊர் மின்னிக்கொண்டிருக்கும்.

பக்கத்துக் கட்டில் அம்மாவுக்குத் துணையாக இருந்தவள் அவருடைய மருமகள். கடலூர் பக்கத்துக்காரி. வாய் மூடாதவள். அவளால்தான் அந்த வார்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது. ஒருநாள் மத்தியானம் சாப்பாட்டுத் தட்டு கழுவி வந்து தரையில் உட்கார்ந்ததும் அவளே தொடங்கினாள்.

"தெனம் பஸ்ஸுல சாமி தூக்கற மாதிரி தூக்கினு வரீங்களே, அப்பிடி இன்னாக்கா உங்க தண்ணி? ஒரு வாய் குடுங்க பாப்போம்."

கொடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள். "ஆத்தாடி, சர்க்கர போட்டீங்களா?"

"எங்க தெருத் தண்ணியே அப்பிடித்தான்" என்றாள் அக்கா, படுத்தபடியே, பெருமையாக.

"எங்க ஊருத் தண்ணி இதவிட ஒசத்தி. டீத்தூளு போட்டே வருது. பாலு மட்டும் ஊத்துனா போதும்." அவள் தன் பாட்டிலை எடுத்துத் தூக்கிக் காட்டினாள். நிஜமாகவே வடித்த டீ மாதிரி இருந்தது. அவளுடைய மாமியார், "மானத்த வாங்காதடி" என்றார். எதிர்க் கட்டிலில் இருந்த விழுப்புரத்துப் பக்கத்து அம்மாவும் தன் குடத்திலிருந்து ஊற்றிக் கொடுக்கச் சொன்னார். கண்ணாடி மாதிரித் தெளிவு. குடித்தால் பல்லில் மாவு ஒட்டியது போல இருந்தது. கல்யாண வீட்டில் பலகாரம் மாற்றிக்கொள்வது போல அன்றைக்கு ஊர் ஊராகத் தண்ணீர் மாற்றிக் குடித்தோம்.

கடலூர்க்காரியின் பாட்டிலை வாய்க்குக் கொண்டுபோனபோதுதான் அது மூக்கில் பட்டது. ரொம்ப லேசாக, தூரத்தில் யாரோ வாழைத்தார் பழுக்கவைத்த மாதிரி. நான் பாட்டிலைக் கீழே வைத்தேன்.

"உங்க ஊருல கம்பெனி இருக்கா?" என்று கேட்டேன்.

"கம்பெனி இல்லாம? அதுல வர்ற சம்பளத்துலதான சோறு துன்றோம்."

நான் எதிர்க் கட்டிலைப் பார்த்தேன். விழுப்புரத்து அம்மா தலையாட்டினார். "எங்க பக்கம் ஒரு பொகபோக்கி கெடையாதும்மா. நெல்லும் கரும்புந்தான். எனக்கும் வந்துருக்கே."

"பூச்சி மருந்து அடிப்பீங்கல்ல?" என்றாள் கடலூர்க்காரி.

"அத யாருதான் அடிக்கல."

அத்தோடு பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. எனக்கு மட்டும் போகவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். மின்விசிறி சத்தம் தூக்கத்தைக் கொண்டுவந்தது. தூக்கமும் இல்லை, விழிப்பும் இல்லை. கட்டிலுக்கு அடியில் இருந்த தண்ணீரெல்லாம் தரைக்குள் இறங்கிப் போகிற மாதிரி இருந்தது. டீ நிறத்தில் ஒன்று, கண்ணாடி நிறத்தில் ஒன்று, எங்களுடையது பொன்னிறத்தில். மண்ணுக்கு அடியில் மதிலும் இல்லை, எல்லையும் இல்லை. எல்லாம் ஒன்றையொன்று தேடிக்கொண்டு நிதானமாக நடந்தன. அவற்றின் நடுவில் எங்கள் பெண் யூனிபார்மோடு நின்று கையைக் குவித்தாள். திடுக்கென்று நிமிர்ந்தேன். அக்கா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "என்னடி, உக்காந்துகினே கனாவா?"

தெருவில் இந்த நோய் அக்காவுக்கு முன்னாலும் வந்திருந்தது. இஸ்திரி போடுகிறவருக்குத் தொண்டையில், பால் ஊற்றுகிற அம்மாவுக்கு வயிற்றில். ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் சொல்வோம். அவர் பீடி. அந்த அம்மா வெற்றிலை. அக்காவுக்கு என்ன சொல்வது என்று தெரியாமல், புதிதாக நட்ட செல்போன் டவர் என்றார்கள், பிராய்லர் கோழி என்றார்கள், கண்ணேறு என்றார்கள். காரணம் கிடைத்துவிட்டால் மற்றவர்கள் தூங்கலாம். நாங்கள் எல்லோரும் ஒரே பம்பில் குடித்தோம் என்பதை மட்டும் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை, நினைத்துக்கூடப் பார்த்ததில்லை.

மறுநாள் காலை ரவுண்ட்ஸ் முடிந்து வராந்தாவில் போய்க்கொண்டிருந்த டாக்டரம்மாவின் பின்னாலேயே ஓடினேன். சின்ன வயசு. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

"அம்மா, தண்ணியால இது வருங்களா?"

"எந்தத் தண்ணி?"

சொன்னேன். மதில், பம்பு, வாசனை, இஸ்திரிக்காரர், பால்காரம்மா, எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னேன். அவர் நின்று கேட்டார். அதற்கே எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஒருத்தருக்கு இதாலதான் வந்துச்சுன்னு எங்களால சொல்ல முடியாதும்மா. தற்செயலா இருக்கலாம். தண்ணியாவும் இருக்கலாம். ஒரு ஏரியாவையே எடுத்து, பல வருஷம் பார்த்தாதான் ஏதாவது புரியும். அப்பவும் 'இருக்கலாம்'னுதான் வரும்."

"அப்ப குடிக்கலாங்களா?"

அவர் கேனைப் பார்த்தார். "வாசனை வர்ற தண்ணியை நானா இருந்தா குடிக்க மாட்டேன்" என்றார். அதற்குள் நர்ஸ் கூப்பிட்டார், போய்விட்டார்.

அடுத்த நாள் காலையில் பெண் கேனை எடுத்தபோது, "இன்னிக்கு வேணாம்" என்றேன். ஏன் என்றாள். கேனை வாங்கிக் கவிழ்த்து வைத்தேன். அவள் வழக்கம் போலப் பம்புக்குப் போய்க் கையைக் குவித்துக் குடித்துவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஓடினாள். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கூப்பிட வாயெடுத்து, எதைச் சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல் நின்றேன். அன்றைக்கு பஸ்ஸில் மடி லேசாக இருந்தது. வெயில் வந்து விழ ஒன்றுமில்லாமல் என் மேலேயே விழுந்தது.

"தண்ணி எங்க?" என்றாள் அக்கா.

"பம்பு ரிப்பேருக்கா."

"பொய் சொல்றதுக்குன்னு ஒரு மூஞ்சி வேணும். அது ஒனக்குக் கெடையாது. இன்னான்னு சொல்லு."

சொன்னேன். கடலூர்க்காரி கைவேலையை விட்டுவிட்டுக் கேட்டாள். அக்கா சிரிக்கத் தொடங்கினாள். தழும்பு இழுக்குமே என்று கையால் மாரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "இத்தன நாளா எனக்கு இதத்தான் ஊட்டிவிட்டியா நீ? போதாக்கொறைக்கு பஸ்ஸு வேற புடிச்சி!"

"தெரியலக்கா. இதுதான்னு டாக்டரம்மாவே சொல்லல."

"சரி வுடு. வரவேண்டியது வந்துடுச்சி. இனிமே புதுசா என்ன வரப்போவுது? நாளைக்கு எடுத்துனு வா."

சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். முடி கொட்டின பின்னந்தலை குழந்தையின் தலை மாதிரி இருந்தது. தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன்.

"பாப்பா இன்னிக்கு எதக் குடிச்சிட்டுப் போனா?"

நான் போர்வையின் ஓரத்தை மடித்துவிட்டேன்.

"அதத்தானா?"

"ஆமாக்கா."

அவள் எழுந்து உட்கார்ந்தாள். "டவுனுல, சாரத்துல அவ அத்த வூடு இருக்கு. அங்க அனுப்பிடு. இந்த வாரமே."

"எதுக்குக்கா அவ்வளவு தூரம்? ரோட்டுக்கு அந்தாண்ட கார்ப்பரேஷன் கொழா இருக்கு. அவரு சைக்கிள்ல கொண்டாருவாரு. தண்ணிய மாத்திக்கலாம்."

"தண்ணிய மாத்துவ. சாயங்காலம் வர்ற காத்த?"

"தண்ணின்னே இன்னும் தெரியல. நீ காத்துக்குப் போற."

"தெரியறவரைக்கும் அவ அங்க குடிச்சினு இருக்கணுமா? நான் படுத்துக் கெடக்கறது பத்தாதா?"

மாமா லாரியிலிருந்து வந்ததும் சொன்னேன். தங்கச்சி வீட்டில்தானே, இருக்கட்டும் என்றார். தெருவில்தான் சும்மா விடவில்லை. நான் பம்புத் தண்ணீரைக் குளிக்க மட்டும் எடுத்தேன். குடிக்க வீட்டுக்காரர் சைக்கிளில் கொண்டுவந்தார். அதைப் பார்த்துவிட்டு எதிர்வீட்டுக்காரி பம்படியிலேயே கேட்டாள். அவள் வீட்டில் கல்யாணத்துக்குப் பெண் இருந்தது.

"உங்க அக்காவுக்கு ஏதோ வந்துட்டுதுன்னு ஊருத் தண்ணிக்குப் பேரு வெக்கறியா? இந்தத் தெருவுல இனிமே எவன் பொண்ணு எடுப்பான்?"

"நான் ஒண்ணும் சொல்லலியே."

"வாயால சொல்லல. சைக்கிளால சொல்றியே. கம்பெனிய மூடிட்டா எங்க வூட்டுக்காரரு உங்க வூட்டுலதான் வந்து குந்தப்போறாரு, சொல்லிட்டேன்."

அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அவள் வீட்டு அடுப்பு அந்த மதிலுக்கு உள்ளிருந்துதான் எரிந்தது. பிறகு யாரோ வந்து பரிசோதனைக்கென்று பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போனார்கள். ஒன்றுமில்லையாம் என்று ஒரு பேச்சு வந்தது. குடிக்கக் கூடாதாம் என்று இன்னொரு பேச்சு வந்தது. எங்கள் கைக்கு எதுவும் வரவில்லை.

போவதற்கு முன்னால் பெண் அழுதாள். "அம்மா வீட்டுக்கு வர்ற நேரத்துல நான் போவணுமா?" என்றாள். போய்விட்டாள்.

அக்கா வந்தாள். தலையில் மாமா வாங்கித் தந்த பூப்போட்ட ஸ்கார்ப். கார்ப்பரேஷன் தண்ணீரை ஒரு வாய் குடித்துவிட்டு, "பிளீச்சிங் பவுடர கரைச்சிக் குடுக்கற" என்று என்னை முறைத்தாள். மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்துப் பழகினாள். சாயங்காலம் வாசனை வந்தால் எழுந்துபோய்ச் சன்னலைச் சாத்துவாள். சாத்திவிட்டு, சாத்தின சன்னலையே பார்த்துக்கொண்டு நிற்பாள். அதற்குப் பிறகு சில வருஷம் இருந்தாள். அவள் பெண் சாரத்திலேயே படித்து முடித்தாள். இப்போது அவளுக்கே ஒரு பையன். இதுவரைக்கும் ஒன்றுமில்லை, நான் இன்னும் அவள் கழுத்தைத் தடவிப் பார்க்கிறேன். அங்கே அனுப்பியதால்தான் ஒன்றுமில்லையா, இங்கேயே இருந்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காதா? எத்தனை நாள் யோசித்தாலும், அங்கே போனவள், இங்கேயே இருந்தவள் என்ற இரண்டு பெண்களில் ஒருத்திதான் என் கண்ணுக்குத் தெரிகிறாள். இன்னொருத்தி பம்படியில் வெயிலில் கரைந்துபோகிறாள்.

அக்கா வீட்டுக்கு வந்த அந்த முதல் வருஷம், ஞாயிற்றுக்கிழமைகளில் பெண் சாரத்திலிருந்து வருவாள். காலையில் வந்து, அம்மாவின் தலையில் புதிதாக முளைத்த முடியைத் தடவிக்கொண்டே பேசிக்கொண்டிருப்பாள். வெயில் தாழ்வதற்கு முன்னால் அக்கா அவளைக் கிளப்பிவிடுவாள். ஒரு ஞாயிறு அவள் கிளம்பவில்லை. பஸ் ஸ்டாப் வரைக்கும் இழுத்துக்கொண்டு வர வேண்டியிருந்தது.

"இன்னிக்கு ஒரு நாளு இருக்கேனேம்மா. காலையில இங்கேருந்தே ஸ்கூலுக்குப் போறேன்."

"பஸ்ஸு வருது பாரு."

"சித்தி, நீயாவது சொல்லேன்."

நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா ரோட்டைப் பார்த்தாள். புழுதியில் வெயில் மிதந்துகொண்டிருந்தது. தூரத்தில் பஸ் அசையாமல் நிற்கிற மாதிரி வந்துகொண்டிருந்தது.

"டாக்டருக்கே தெரியலன்னு சித்தி சொல்லிச்சு" என்றாள் பெண். குரல் உடைந்திருந்தது. "தெரியாத ஒண்ணுக்கு என்ன ஏம்மா தொரத்தற?"

அக்கா பெண்ணின் தோளில் பை வாரைச் சரி செய்து, பஸ் நின்றதும் முதுகில் கை வைத்து ஏற்றிவிட்டாள். பெண் உள்ளே போய் அந்தப் பக்கத்து ஜன்னலில் உட்கார்ந்துகொண்டாள். திரும்பிப் பார்க்கவில்லை. பஸ் போய்விட்டது.

அக்கா அங்கேயே நின்றாள். நான் கையைத் தொட்டதும் நடக்கத் தொடங்கினாள்.

"கோவமா போறாடி."

"ஆமாக்கா."

"கோச்சுக்கட்டும். நெறைய நாளு இருந்து கோச்சுக்கட்டும்" என்றாள் அக்கா. ஸ்கார்ப்பைக் காதுக்குப் பின்னால் இறுக்கிக் கட்டிக்கொண்டு, எனக்கு முன்னால் நடந்தாள்.